தாழவிளைக்குப் போகாத ரோடு

காலையிலிருந்து பிரசவ வார்டு முழுக்கத் தார் வாசனை. ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, விறகு மூட்டித் தார் காய்ச்சுகிறார்கள். சன்னல்களைச் சாத்தினால் புழுக்கம் தாங்கவில்லை என்று வலியில் கிடந்த பெண் அழுதாள். திறந்தால் இருமினாள். பாதி திறந்து வைத்து, நர்சு உடுப்போடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வெளியே கங்காணி ஒருவர் கூலியாட்களிடம் உரக்கச் சொன்னது காதில் விழுந்தது.

"மருதங்கரைத் தெரு வரைக்கும் மழைக்கு முன்ன முடிக்கணும், கேட்டியளா?"

விசிறி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் நின்று போட்ட ரோட்டுக்குத் தார் போடப் போகிறார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? நீங்கள் உயிரோடிருந்த காலத்தில் நான் உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. நீங்கள் மலைக்கு மாற்றலாகிப் போன பிறகும், ஆள் வழியாக மருந்தும் துணியும் கொடுத்தனுப்பினேனே தவிர, எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

நம் கல்யாணம் முடிந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். "ஒரு எடம் காட்டுதேன், வாறியா?" என்று கூப்பிட்டீர்கள். கடற்கரைக்காக்கும் என்று நினைத்து நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தேன். வெயிலில் வெகுதூரம் நடத்திக் கூட்டிப்போய் நீங்கள் காட்டியது ஒரு கலுங்கு. ரோட்டுக்கு அடியில் வெள்ளம் கடந்து போகக் கருங்கல்லில் கட்டிய சின்ன வழி. குனிந்து உள்ளே பார்க்கச் சொன்னீர்கள். மறுபுறத்து வெளிச்சமும், நடுவில் ஒரு தவளையும் தெரிந்தன.

"இது நான் கெட்டினது" என்றீர்கள்.

"தவளையையும் நீங்கதான் வச்சீளா?"

ரோடு என்றும் பாராமல் சிரித்தீர்கள். மராமத்து இலாகாவில் ஓவர்சியர் வேலை பார்க்கிற மனிதர் அப்படிச் சிரிப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மற்ற ஓவர்சியர்மார் வில்வண்டியில் போய் வேலையைப் பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் நடந்தீர்கள். விடியும்போது வடசேரிச் சந்தைக்குப் போய், வாழைக்குலையும் கீரைக்கட்டும் மீன்கூடையும் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். வாங்கிவரச் சொன்ன காயை வாங்க மறந்து வெறுங்கையோடு திரும்புவீர்கள். கேட்டால், "இவுங்க சுமையெல்லாம் டவுணுல எறங்குது. திரும்பிப் போகும்போ கூடை காலியாத்தான் போகுது. டவுணுலேருந்து அவுங்களுக்கு என்ன போகுதுன்னு பாத்தியா? டாக்டர் போகல்ல, பள்ளிக்கூடம் போகல்ல" என்பீர்கள். காய் இல்லாத குழம்பை நாம் இருவரும் சாப்பிடுவோம்.

ரோடு என்பது இரண்டு பக்கமும் ஆள் நடப்பதற்கு என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. அது தெரியாதவர்கள் யார் என்றுதான் நினைத்தேன். தாழவிளையிலிருந்து சின்னப்பொண்ணைக் கொண்டுவந்த நாளில்தான் எனக்கு அது உறைத்தது.

ஆனி மாத மழை. மத்தியானம். நான்கு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குள் வந்தார்கள். நான்கு பேருக்கும் நெஞ்சுவரை சேறு. கட்டிலில் கிடந்தவள் சின்னப்பொண்ணு. முன்னால் இடதுபக்கம் தூக்கி வந்தவர் அவள் புருஷன் மாடன், மருதங்கரைக்காரர்களின் வயலில் வேலை செய்கிறவர். நான் தொட்டுப் பார்த்தபோதே அவள் உடம்பு குளிர்ந்துகொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளையின் துடிப்பு இல்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்கள்.

அன்றைக்கு நீங்கள் எனக்குச் சோறு கொண்டுவந்து வராந்தாவில் காத்திருந்தீர்கள். மாடனிடம் போய், "எந்த வழியா வந்தீய?" என்று கேட்டீர்கள். மனைவியைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலச் சொன்னார்.

"தெருவழியா எங்கள விடமாட்டாவ ஏமானே. கொளத்தங்கரையச் சுத்தி, ஏலா வயலுல எறங்கி, கால்வாய நீந்தி வந்தோம். கட்டில தலைக்குமேல பிடிச்சிட்டு."

"தெருவழியா வந்திருந்தா?"

"காலத்தயே வந்திருப்போம்."

தாழவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் மருதங்கரை. மருதங்கரையின் நடுவில் கோயில் தெரு. அந்தத் தெருவில் மாடனின் ஆட்கள் கால் வைக்கக் கூடாது. நம் முன்னோரும் ஒரு காலத்தில் அந்தத் தெருவை ஒதுங்கிப் போனவர்கள்தான். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, நாலெழுத்துப் படித்து, சர்க்கார் உத்தியோகமும் கிடைத்த பிறகு நம்மை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அதை நீங்கள் ஒருநாளும் மறக்கவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து வேதக்கோயிலிலிருந்து நேரே கால்வாய்க் கரைக்கு நடப்போம். மருதங்கரைக்குக் கிழக்கே, தெருவைத் தொடாமல், கரையோடு ஒட்டிப் போகிற ஒரு வழியை நீங்கள் மனதில் போட்டுவிட்டீர்கள். கால்வாய்க்கு ஒரு பாலம். வயலின் வெள்ளம் தடைபடாமல் வடிய ரோட்டுக்கு அடியில் கலுங்குகள். தாழவிளைக் குடிசைகளின் வாசல்வரை வண்டி வரும். அங்கிருந்து கடற்கரைப் பாதையோடு சேரும். மீன் சுமந்து வருகிற பெண்களுக்கும் அதுவே வழி. அடுக்களைத் தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டுவீர்கள். நான் மெழுகி அழிப்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் வளைத்து வரைவீர்கள்.

தாழவிளைக்காரர்கள் முதலில் நம்பவில்லை. "ரோடு வந்தா எங்க குடில பிச்சுப் போட்டிருவாவளா ஏமானே?" என்று மாடன் கேட்டார். இல்லை என்று அவரைக் கூட்டிக்கொண்டு கோடு போகும் இடமெல்லாம் நடந்து காட்டினீர்கள். பெண்கள் இரண்டே இரண்டு கேட்டார்கள். சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல், நிற்க நிழல். பூவரசு வைப்போம், சீக்கிரம் வளரும் என்று நீங்கள் சொன்னதும் அவர்கள் முகம் மாறியது. சர்க்கார் ஆள் ஒருவர் மரத்தின் பேரைச் சொல்லித் தங்களிடம் பேசுவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

எஞ்சினீயர் அதை ஏற்கவில்லை. மருதங்கரைப் பெரியவர்கள் அவரை முன்பே பார்த்துப் பேசியிருந்தார்கள். டவுணிலிருந்து வயலின் குறுக்கே நேராக, கோயில் தெரு முகப்புக்கு ரோடு வேண்டும் என்றார்கள். அதுதான் தூரம் குறைவு, பாலமும் வேண்டாம். அன்று சாயங்காலம் நீங்கள் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் கேட்டேன். 'பாதி ஜனம் நடக்க முடியாத தெருவுல கொண்டுபோய் முட்டினா, அது யாருக்க ரோடு சார்?'ன்னு. அவரு சொன்னாரு, 'ரோடு போடுகது நம்ம ஜோலி. ஆரு நடக்கணும்ங்கது நம்ம ஜோலி இல்ல'ன்னு."

"பொறவு?"

"பொறவென்ன. அந்த நேர் ரோட்ட என்னையே நின்னு போடச் சொல்லிட்டாரு."

பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வேலைய விட்டிரலாமா ஏட்டி?" என்று கேட்டீர்கள். நீங்கள் விட்டால் வேறொருவர் போடுவார், நீங்கள் நின்றால் கலுங்காவது வைக்கலாம் என்றேன். நீங்களும் அதைத்தான் நினைத்திருந்தீர்கள். கலுங்குகளுக்காக எத்தனையோ முறை கேட்டீர்கள். தாழவிளைப் பக்கத்தில் ஒன்றுகூடத் தரவில்லை. ரோடு மேடாக எழுந்தது. ஏலாவை இரண்டாகப் பிளந்துகொண்டு, கயிறு பிடித்ததுபோல நேராக. மாடனின் ஆட்கள் அதில் ஏறவும் மருதங்கரைக்காரர்கள் விடவில்லை. மற்றபடி அதைப் பார்த்துப் பாராட்டாதவர்கள் இல்லை. நீங்கள் மட்டும் அந்த ரோட்டின் பேச்சை வீட்டில் எடுக்கவில்லை.

முதல் மோட்டார் பஸ் மருதங்கரைக்குப் போன அன்று அதற்கு மாலை போட்டு, குலைவாழை கட்டி, மேளத்தோடு வரவேற்றார்கள். உங்களுக்கும் ஒரு மாலை. தாழவிளைக்காரர்கள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் போன சத்தத்துக்கு எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். வரும் வழியில் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள். வீட்டுக்கு வந்தபோது அது என் கையிலும் இல்லை. எங்கே போட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் நீங்கள் பயந்தது நடந்தது.

தாழவிளையில் வள்ளி என்கிற பெண்ணுக்குப் பிரசவம். சின்னப்பொண்ணுக்கு ஆனதுபோல இன்னொருத்திக்கு ஆகக் கூடாது என்று நானே முன்னாடியே அங்கே போயிருந்தேன். மழை விடவே இல்லை. விடிந்து பார்த்தால் குடிசைக்குள் வெள்ளம். எப்போதும் மழைவெள்ளம் ஏலா வழியாக வடிந்து கால்வாய்க்குப் போய்விடும். இப்போது குறுக்கே ரோடு. வெள்ளம் முட்டி நின்று திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு உரல்களைக் கவிழ்த்து அவற்றின்மேல் கட்டிலைத் தூக்கி வைத்து வள்ளியைக் கிடத்தினோம். முழங்கால் வெள்ளத்தில் நின்றுகொண்டு நான் அவள் பிரசவம் பார்த்தேன். அடுத்த குடிசையின் மண்சுவர் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு வெள்ளம் தொடை வரைக்கும் வந்தது.

வாசல் வழியாக ரோடு தெரிந்தது. அதன்மேல் நீங்கள் வந்து நின்றதையும் பார்த்தேன். குடையில்லை. கூட வந்த இலாகா ஆட்களிடம் நீங்கள் கையை நீட்டி ஏதோ சொல்கிறீர்கள். அவர்கள் பின்வாங்குகிறார்கள். சர்க்கார் ரோட்டில் கைவைக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நீங்கள் ஒருவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, நீங்களே போட்ட ரோட்டை வெட்டத் தொடங்கினீர்கள். மாடனும் இன்னும் சிலரும் நீந்திப் போய் மேட்டில் ஏறித் தயங்கி நின்றார்கள்.

"வெட்டுங்க மக்கா! கேட்டா ஓவர்சியர் சொன்னாருன்னு சொல்லுங்க!"

அந்தச் சத்தம் மழையைத் தாண்டி எங்கள் குடிசைவரை கேட்டது.

மருதங்கரைப் பக்கமிருந்து வந்த பஸ் வெட்டுக்கு அப்பால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். நீங்கள் நிமிரவில்லை. மண் கரைந்து, ஒரு பக்கம் பெயர்ந்து, வெள்ளம் இரைச்சலோடு பாய்ந்தது. என் காலைச் சுற்றி நின்ற வெள்ளம் மெல்ல இறங்குவதை நான் உணர்ந்தபோது வள்ளியின் பிள்ளை அழுதது.

சேறும் ரத்தமுமாக குடிசை வாசலில் நின்ற என்னிடம் வந்து நீங்கள் கேட்டது, "பிள்ள?"

"பொம்பளப் பிள்ள. ரெண்டுபேரும் சொகம்."

கொப்புளம் வெடித்த உள்ளங்கையை மழையில் கழுவிக்கொண்டு நின்றீர்கள்.

விசாரணையில் என்ன எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓவர்சியர் தம் மனைவியை மீட்பதற்காகச் சர்க்கார் ரோட்டை வெட்டிப் போக்குவரத்தை முடக்கினார் என்று. தாழவிளை என்ற பேரே அதில் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அப்படியில்லைன்னு எழுதிக் குடுங்க. நான் வந்து சாட்சி சொல்லுதேன்."

"பொய்யில்லியே" என்றீர்கள். "நீயும் அந்த வெள்ளத்துலதான நின்ன. உன்ன மட்டும் எப்படி அதுலேருந்து எடுத்து மாத்தி எழுத?"

இன்றுவரை அதைவிட அன்பான ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதைவிட என்னை வருத்தியதும் இல்லை.

வேலையிலிருந்து நீக்கவில்லை. மலைத் தோட்டத்து ரோட்டுக்கு மாற்றினார்கள். அங்கே போகிறவர்கள் காய்ச்சலோடு திரும்புவார்கள் என்று இலாகாவில் தெரியாதவர் இல்லை. எப்போதாவது இறங்கி வருவீர்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்து, கண்ணில் மஞ்சள் பாய்ந்து. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையை என் எதிரில் விழுங்கச் சொல்வேன். ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னீர்கள். "அங்ஙன ரோடு நல்ல ரோடு. தேயிலையும் தேக்குத்தடியும் லாரில எறங்கி வருது. கூலிக்காரனுக்க அரிசி மட்டும் தலைச்சுமையா ஏறுது." சிரிக்க முயன்றீர்கள். வரவில்லை.

கடைசியாக உங்களை அந்த லாரியில்தான், தடிகளின் மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே, எனக்குத் தெரிந்த எல்லா வைத்தியமும் செய்தும், உங்களை என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. காய்ச்சல் ஏறிய நேரத்தில் நீங்கள் என் பேரைச் சொல்லவில்லை. யாரிடமோ "கல்ல எறக்காத, கல்ல எறக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்ன கல், எந்த வேலை என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடக்கம் முடிந்து, மண் தள்ளி, பாதிரியார் ஜெபம் சொல்லி, எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே தாழவிளைக்காரர்கள் வந்து நின்றார்கள். இடுப்புவரை ஈரம். மாடன் என் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"சுத்தி வரவேண்டியிருந்து அம்மா."

நான் அவ்வளவு நேரம் அழாமல் இருந்தேன்.

நீங்கள் போன பிறகுதான் மகாராஜாவின் கோயில் பிரவேச விளம்பரம் வந்தது. கோயிலும் தெருவும் எல்லாருக்கும் திறந்தன. டவுணில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். சில நாள் கழித்து மாடன் ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். நோய் ஒன்றும் இல்லை, என்னைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்.

"தெருவழியா நடந்து, பஸ்ஸுல ஏறி வந்தேன் அம்மா. ஒரு ஆளும் ஒண்ணும் சொல்லல்ல. சட்டுன்னு வந்துட்டேன். இவ்வளவுதானா, இதுக்கா அவ செத்தான்னு இருந்து."

அவர் சந்தோஷப்படவில்லை. என்னாலும் முடியவில்லை. கையில் வைத்திருந்த வெற்றிலையைப் போடாமலே எழுந்து போனார்.

நீங்கள் வெட்டிய இடத்தை அந்த மாதமே மூடிவிட்டார்கள். அங்கே ஒரு கலுங்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஐப்பசிதோறும் தாழவிளைக்குள் வெள்ளம் ஏறுகிறது. நாற்று அழுகுகிறது. சிலர் தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போனார்கள். சிலர் டவுணின் ஓரத்தில், சாக்கடை விழுகிற புறம்போக்கில் குடில் கட்டியிருக்கிறார்கள். வள்ளியும் புருஷனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தெரு திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. ஏறி வர ஆள்தான் குறைந்துகொண்டே போகிறது. இருக்கிறவர்கள் போக்கிடம் இல்லாதவர்கள்.

இன்று காலை அந்தப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அவளைத் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு நான் வெளியே போய், தார் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓவர்சியரிடம் பேசினேன். மரியாதையானவர். நான் யார் என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். தார் போட்டால் ரோடு இன்னும் உயரும், தாழவிளைப் பக்கம் வெள்ளம் வடிய ஒரு வழி வையுங்கள் என்று கேட்டேன். அவர் உத்தரவுக் காகிதத்தை எடுத்து விரித்தார்.

"மேல தார் போட மட்டுந்தாம்மா உத்தரவு. கீழ உள்ளதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவரைக் கோபிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திரும்பி வார்டுக்கு நடக்கும்போது, அந்த விசாரணைக் காகிதத்தைப் படித்த நாளில் இருந்த அதே சூடு உடம்பில் ஏறியது. இத்தனை வருஷத்தில் அது ஆறவில்லை. காலம் ஆற்றிவிடும் என்று பாதிரியார் சொன்னார், சபைப் பெண்களும் சொன்னார்கள். ஆறாமல் இருப்பதில் எனக்கு இப்போது வருத்தமில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சூடுதான். அது போய்விட்டால் உங்களில் எதுவும் என்னிடம் இருக்காது.

மத்தியானம் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். டவுண் வீட்டை விட்டுவிட்டுத் தாழவிளையில் போய் இருக்கப் போகிறேன். அவர்களுக்குப் பிரசவம் அங்கேயே பார்ப்பேன். தரையை நன்றாக உயர்த்தி ஒரு வீடு கட்டித் தர மாடனிடம் போன மாதமே பேசியிருந்தேன். தீர்மானம் மட்டும் பாக்கியிருந்தது. "தனியா, அந்தச் சேத்துலயா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். பிறகு ஒரு பிரசவப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்கள்.

ஐப்பசிக்கு முன்னே போய்விடுவேன். இந்த வருஷம் வெள்ளம் ஏறும்போது நான் ரோட்டின் அந்தப் பக்கத்தில் இருப்பேன்.